உரிய வழியாக

என் கையெழுத்து நன்றாக இருக்கும். இதை நானே சொல்லிக்கொள்வது சரியில்லைதான், ஆனால் இருபத்தாறு வருடமாக ஆபீஸில் எல்லாரும் சொல்லிச் சொல்லி எனக்கும் பழகிவிட்டது. விடுப்பு விண்ணப்பமா, இடமாறுதல் மனுவா, ஓய்வுபெறுகிறவருக்கு வாழ்த்து மடலா, "பேனாவைக் கூப்பிடு" என்பார்கள். பேனா என்பது நான்தான். கம்ப்யூட்டர் வந்த பிறகும், கையால் எழுதிய மனுதான் மேலே இருப்பவர்கள் மனதில் படும் என்று எங்கள் ஆபீஸில் ஒரு நம்பிக்கை உண்டு. அதை வளர்த்துவிட்டவனும் நான்தான்.

எனக்குத் திக்குவாய். என் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிடுவார். பேனாவைப் பிடித்தால் மட்டும் திக்காது. அதனால்தான் பாகுபாட்டுப் புகார்க் குழுவினராகிய உங்கள் முன் நேரில் வராமல் இதை எழுதித் தருகிறேன். என்னை யாரும் குற்றம் சாட்டவில்லை. என்மேல் யாருக்கும் சந்தேகமும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

உங்களுக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். அரசு வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு பழக்கம் கையில் ஒட்டிக்கொள்ளும். எந்த மனுவாக இருந்தாலும் பெறுநர் முகவரிக்குக் கீழே 'உரிய வழியாக' என்று எழுதி அடிக்கோடு போடுவோம். மனு நேராக மேலே போகாது. நம்முடைய அதிகாரி படித்து, கையெழுத்துப் போட்டு, அவர் அனுப்பினால்தான் போகும். அரை நாள் விடுப்புக்கும் அதுதான், கண் ஆபரேஷனுக்கு ஒரு மாத விடுப்புக்கும் அதுதான். ஒருநாள் என் மனைவி மளிகைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "கடைக்காரருக்கும் உரிய வழியாகன்னு போட்டிருக்கீங்களே, நான் கையெழுத்துப் போட்டு அனுப்பணுமா?" என்றாள். பார்த்தேன், போட்டிருந்தேன்.

ஒரே ஒரு வகை மனுவுக்கு மட்டும் அது வேண்டாம். பச்சை அட்டை போட்ட விதிப் புத்தகத்தில், பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது. தன் அதிகாரி பாகுபாடு காட்டுகிறார் என்று ஓர் ஊழியர் புகார் செய்தால், அதை உறையில் போட்டு ஒட்டி நேராக உங்கள் குழுவுக்கே அனுப்பலாம். கடைசியாகப் பாகுபாடு நடந்த நாளிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். யார்மேல் புகாரோ அவரையே தபால்காரராக்கக் கூடாது என்று யாரோ ஒரு புண்ணியவான் யோசித்து எழுதிய பக்கம். எங்கள் ஆபீஸுக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு பிரதிதான் வந்தது. அது என் இழுப்பறையில் இருக்கிறது.

ஓட்டுநரம்மா எங்கள் ஆபீஸின் முதல் பெண் ஓட்டுநர். எட்டுப் போட்டு, மேட்டில் நிறுத்தி எடுத்து, குறுகலான சந்தில் ரிவர்ஸிலேயே வந்து காட்டி, நாற்பது ஆண்களைத் தாண்டித் தேர்வில் முதலாவதாக வந்தவர். அவருக்கு எங்கள் நிர்வாக அதிகாரி ஷெட்டில் ஒரு நாற்காலி கொடுத்தார். சாவிகளை மாட்டுவது, கண்ணாடி துடைப்பது, யார் எந்த வண்டியை எடுத்தார்கள் என்று நோட்டில் குறிப்பது, இவைதான் வேலை. அதிகாரி கெட்ட மனிதர் இல்லை, குரலை உயர்த்தவே மாட்டார். "குடும்பத்துப் பொண்ணு, வெயில்ல எதுக்கும்மா அலையணும்? நிழல்ல உக்காரு," என்றார். ஏழு மாதம் நிழலில் உட்கார்ந்தார் அந்த அம்மா. அவருக்குப் பின்னால் சேர்ந்த ஆண் ஓட்டுநருக்குப் புது வண்டி கொடுத்த அன்று, மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்தார்.

"அண்ணே, ஒரு புகார் எழுதணும். நான் எழுதினா கோவம்தான் தெரியும். நீங்க எழுதினா நியாயம் தெரியும்."

"யா... யா... யார் மேலம்மா?"

மற்றவர்கள் என்றால் என் வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்கி அவர்களே முடித்துவிடுவார்கள். அவர் அப்படிச் செய்ததே இல்லை. நான் முடிக்கும்வரை, தனக்கு வேறு வேலையே இல்லாதது போல நிற்பார். பிறகுதான் பதில் சொல்வார்.

"அதிகாரி மேலதான்."

இரண்டரைப் பக்கம் எழுதினேன். என் வாழ்க்கையில் எழுதியதிலேயே அதுதான் சிறந்த மனு என்று இப்போதும் சொல்வேன். தேதிகள், சாட்சிகள், தேர்வு மதிப்பெண், எதுவும் விட்டுப்போகவில்லை. படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் மனசுல நினைச்சதைக்கூட எழுதிட்டீங்கண்ணே," என்றார். பிறகு முதல் பக்கத்தில் விரலை வைத்தார்.

"இந்த உரிய வழியாக வேணுமாண்ணே? அவர் மேலதானே புகார், அவர்கிட்டயேவா குடுக்கறது?"

"அதுதான்மா முறை. இல்லாட்டி திருப்பி அனுப்பிடுவாங்க," என்றேன்.

நான் திக்காமல் பேசிய முழு வாக்கியங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அது அவற்றில் ஒன்று. அவருக்கும் ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும், சந்தோஷமாகச் சிரித்தார். சரி என்று கையெழுத்துப் போட்டார்.

மனுவை நானே அதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் நிதானமாகப் படித்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும் என்று நினைத்தேன், ஒன்றும் வெடிக்கவில்லை. இழுப்பறையைத் திறந்து உள்ளே வைத்தார். "நீங்க இருக்கிறதாலதான் இந்த ஆபீஸ் அமைதியா ஓடுது," என்றார். அந்தப் பாராட்டைக் கேட்டால் எப்போதும் எனக்கு உடம்பு லேசாகும். அன்றும் ஆனது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அதிகாரி என்னை இப்படிச் செய் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கு முன்னால் இருந்தவரும் சொன்னதில்லை. ஓட்டுநரம்மா முதல் ஆளும் இல்லை, பதினோராவது ஆள். காது கேட்காத டைப்பிஸ்ட், கர்ப்பமாக இருந்ததால் வேலை நிரந்தரமாகாத நர்ஸ், கால் ஊனமானவர் என்பதால் மூன்றாவது மாடியில் போடப்பட்ட பதிவறைக்காரர், இன்னும் பலர். எல்லாரும் என்னிடம்தான் வந்தார்கள். எல்லாருக்கும் நன்றாகத்தான் எழுதிக் கொடுத்தேன். எல்லா மனுவிலும் அந்த இரண்டு வார்த்தையைப் போட்டேன். பதினொன்றும் கிணற்றில் போட்ட கல்தான். தொண்ணூறு நாள் கழிந்ததும் அவர்களே அடங்கிவிடுவார்கள். கோபத்தை ஆறப்போடுகிறேன், ஆபீஸில் நாலு பேர் முகம் பார்த்துப் பேசிக்கொள்ள வழி செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நர்ஸ் அடங்கவில்லை, வேலையை விட்டுப் போனார். அவருடைய பிரிவு மடலையும் நான்தான் எழுதினேன்.

உண்மைக் காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எழுதக்கூடக் கை தயங்குகிறது. பத்தொன்பது வருடத்துக்கு முன் கவுன்டர் மேற்பார்வையாளர் பதவி எனக்கு வந்திருக்க வேண்டும். மூப்புப்படி எனக்குத்தான். "பேசத் தெரிஞ்சவனா பார்த்துப் போடுவோம்" என்று அப்போதைய அதிகாரி வேறொருவருக்குக் கொடுத்தார். நான் புகார் எழுதினேன். பழக்கதோஷம், 'உரிய வழியாக' என்று போட்டேன். அவர் ஊழியர் கூட்டத்தில் அதை உரக்கப் படித்தார். என்னைப் போலவே திக்கித் திக்கிப் படித்தார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அடுத்த வருடம் பச்சைப் புத்தகம் தபாலில் வந்தது. பிரித்தவன் நான்தான். பதினான்காம் பக்கத்தை நின்றுகொண்டே படித்தேன். அதை நகலெடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கலாம். எனக்கு இல்லாமல் போன நேர்வழி இன்னொருவருக்கு மட்டும் எதற்கு என்று தோன்றியது. இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். நான் செய்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்தப் பூட்டு செய்தது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓட்டுநரம்மா வாராவாரம் வந்து கேட்பார். "போ... போயிருக்கும்மா" என்பேன். மனு கொடுத்த எண்பத்து நான்காம் நாள் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "வண்டிதானே கேட்டா, குடுத்துருவோம். அப்புறம் புகாருக்கு என்ன வேலை?" என்று ஓர் ஆணையில் கையெழுத்துப் போட்டார். பழைய ஜீப்பை அவருக்கு ஒதுக்கிய ஆணை. நான்தான் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கினார். "உங்க எழுத்துதான் அண்ணே வாங்கிக் குடுத்தது," என்றார். நான் மறுக்கவில்லை.

மறுநாள் காலை மெக்கானிக் ஒரு துண்டுச் சீட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதிகாரி பார்வைக்கு என்று எழுதியிருந்தார். ஜீப்பில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, பழுது பார்க்கும்வரை வெளியே விடக்கூடாது, இவ்வளவுதான் அதில் இருந்தது. படித்து முடித்தபோது கீழே முற்றத்தில் ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. ஜன்னலுக்குப் போனேன். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்துக் கையை ஆட்டினார். அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை.

நில்லு என்று கத்தியிருக்க வேண்டும். 'ந' எனக்கு வராத எழுத்து. ஆனால் கையைக் காட்டி நிறுத்தியிருக்கலாம், கைக்குத் திக்குவாய் கிடையாது. நான் கையைக் காட்டினேன். போய் வா என்பதுபோலக் காட்டினேன். ஜீப் வாசலைத் தாண்டிய பிறகு, சீட்டு அதிகாரி பார்வைக்குத்தானே என்று எடுத்து அவருக்குப் போகும் கோப்பில் வரிசைப்படி செருகினேன்.

மார்க்கெட் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. கீழே பஸ்ஸுக்கு நின்றவர்கள்மேல் ஏறாமல் இருக்க, அவர் வண்டியை ஒரு மதிலில் திருப்பி மோதினார். நிறுத்தத்தில் இருந்த யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது.

விசாரணையில் மெக்கானிக் சீட்டுக் கொடுத்தேன் என்றார். எங்கே அத்தாட்சிக் கையெழுத்து என்று கேட்டார்கள். என்னிடம் காகிதம் கொடுத்தால் யாரும் கையெழுத்து வாங்குவதில்லை, என்மேல் அவ்வளவு நம்பிக்கை. அதிகாரி என்னைப் பார்த்து, "அப்படி ஏதாவது வந்துச்சா?" என்றார். "இ... இல்ல சார்," என்றேன். அதற்கு முன்பே அதைக் கோப்பிலிருந்து எடுத்திருந்தேன். பச்சைப் புத்தகத்தில் பதினான்காம் பக்கத்துக்குள் அந்தச் சீட்டை ஒளித்து வைத்திருந்தேன். கவனக்குறைவாக வண்டி ஓட்டினார் என்று அந்த அம்மாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த ஆணையும் என் கையெழுத்தில்தான் போனது. பெண்ணுக்கு வண்டி கொடுத்தால் இப்படித்தான் என்று ஷெட்டில் பேசிக்கொள்கிறார்கள்.

போன வாரம் ஊன்றுகோலோடு இரண்டு மாடி ஏறி வந்தார். உங்கள் குழுவிடம் மேல்முறையீடு செய்ய வரும் வெள்ளிக்கிழமை கடைசி நாள். "நீங்கதான் எழுதணும்ணே. உங்களை விட்டா எனக்கு யார் இருக்கா?" என்றார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. எப்போதும்போலக் காத்திருந்தார். ரொம்ப நேரம் காத்திருந்தார். ஊன்றுகோலில் சாய்ந்து, இடுப்பு வலியை முகத்தில் காட்டாமல் நின்றார். "ச... சரிம்மா" என்பது மட்டும்தான் வந்தது.

அந்த மேல்முறையீட்டுக்குப் பதிலாகத்தான் இதை எழுதியிருக்கிறேன். மெக்கானிக்கின் சீட்டை இதோடு இணைத்திருக்கிறேன். மூலச் சீட்டேதான், வேறு நகல் கிடையாது. வெள்ளிக்குள் இது உங்கள் கைக்கு வந்தால் அந்த அம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைக்கும். எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் தகும்.

எல்லாம் எழுதி முடித்துப் பக்க எண் போடும்போதுதான் முதல் பக்கத்தைப் பார்த்தேன். உங்கள் முகவரிக்குக் கீழே 'உரிய வழியாக' என்று இருக்கிறது. அடிக்கோடும் போட்டிருக்கிறேன். கை தானாக ஓடியிருக்க வேண்டும். அடித்துவிடலாம்தான். ஆனால் அடித்தல் திருத்தல் உள்ள மனுவை நான் இதுவரை மேலே அனுப்பியதில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் புதிதாக எழுதினால் மையின் நிறம் வேறாகத் தெரியும், இடையில் ஏதோ செருகியது போலச் சந்தேகம் வரும். மணி நாலே கால். அதிகாரி கிளம்புவதற்குள் அவர் மேசையில் கொண்டுபோய் வைத்துவிடுகிறேன். உண்மையை மறைக்காமல் எழுதிவிட்டேன். இனி அது உங்களிடம் வந்து சேருவது என் கையில் இல்லை.