பச்சை ஸ்வெட்டர் போட்ட பெண் எங்கே?

இல்லை. கிருபாராணி பேராசிரியர் இல்லை. பின்னால் தொங்கும் பேனரில் பேராசிரியர் என்றுதான் அச்சடித்திருக்கிறது. தவறு.

தமிழ்ச் சங்கத் தலைவர் ஜெயபிரகாஷ் அவர்களே, போதகர் அவர்களே, கிருபா அக்காவின் கணவர் கிரிஸ் அவர்களே, இந்த மழையிலும் பார்சிப்பனி ஊர்வரை காரோட்டி வந்த நண்பர்களே, வணக்கம். திருத்திவிட்டுத்தான் பேசுவேன்.

முனைவர் கிருபாராணி, போஸ்ட்டாக். போன வாரம், நாற்பத்திரண்டு வயதில், மூளையில் ரத்தம் கசிந்து இறக்கும்வரை போஸ்ட்டாக். போஸ்ட்டாக் என்றால், முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் இன்னொருவரின் ஆய்வகத்தில், இன்னொருவரின் நிதியில், ஒப்பந்தம் ஒப்பந்தமாக உழைப்பவர். அதில் என்ன வெட்கம்? யாருக்கு வெட்கம்?

நான் சண்முகப்ரியா. நானும் போஸ்ட்டாக்.

மூன்று வருடம் முன்பு எனக்கு ஒரு பெரிய ஆய்வகத்தில் இடம் கிடைத்தது. இனிப்போடு வெஸ்ட் வின்ட்சரில் அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் இனிப்பைத் தொடவில்லை. லேப்டாப்பைத் திறந்தார். அந்த ஆய்வகத்தின் இணையதளம். அந்த வருடக் குழுப் படம். பக்கத்தில் அதற்கு முந்தைய வருடப் படம்; அதில் ஒரு முகத்தின் மேல் விரல் வைத்தார்.

"இந்தப் பச்ச ஸ்வெட்டர் பொண்ணு எங்க, ப்ரியா?"

"தெரியலக்கா. வேற வேலை கெடச்சிருக்கும்."

"கெடச்சிருந்தா வெப்சைட்ல போட்டுப் பீத்திக்க மாட்டாங்களா? இரு, அவகிட்டயே கேப்போம்."

தேடிப் பிடித்தார். அவள் பெயர் ரெனிஷா, டெக்சாஸில் இருந்தாள். ஸ்பீக்கரில் சொன்னாள்: விசா நீட்டிப்புக் கடிதம் கடைசி நாள்வரை கையெழுத்தாகாது. விடுப்பு கேட்டால் அந்தக் கடிதத்தை நினைவுபடுத்துவார்கள்.

அந்த இடம் வேண்டாமென்று மறுத்தேன். எத்தனை அங்கிள்கள் திட்டினார்கள்! "எவ்ளோ பெரிய லேப்! ரிஜெக்ட் பண்ணிட்டியாம்மா, லூசா நீ?"

பிறகு அந்த ஆய்வகத் தலைவரே அக்காவுக்கு போன் செய்தார். அவரும் தமிழர்தான்.

"சயின்ஸ்ல இது சின்ன உலகம், கிருபா. பாத்து நடந்துக்கோ."

"சின்ன உலகம்தான் சார். அதனாலதான் எல்லார் நம்பரும் எங்கிட்ட இருக்கு."

அவர் அனுப்பிய மலர்வளையம் அதோ, அக்கா படத்துக்கு இடப்பக்கம். பெரியதுதான்.

அதன் பிறகு அக்கா விண்ணப்பித்த எந்தப் பேராசிரியர் பதவியும் கிடைக்கவில்லை. காரணம் எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்பதை நிறுத்தினாரா? ஒருபோதும் இல்லை!

இந்த அரங்கில் ஒரு பெண் இருக்கிறாள். பெயர் சொல்ல மாட்டேன்; உலகம் சின்னது. அதே ஆய்வகம் அவளை அழைத்திருக்கிறது. நாளை மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். இதை விட்டால் அவளுக்கு விசாவுக்கு வேறு வழி தெரியவில்லை. வாசலில் காபி வாங்கும்போது ஒருவர் அவளிடம் சொன்னார்: "கண்ண மூடிட்டு ஓகே சொல்லிடும்மா."

கண்ணை மூடுவதா? கிருபாராணியின் இரங்கல் கூட்டத்திலா!

தங்கச்சி, போகாதே என்று நான் சொல்லவில்லை. கேட்டுவிட்டுப் போ. நேற்று அந்த இணையதளத்தைப் பார்த்தேன். போன வருடம் ஓரமாக நின்று சிரித்த ஒருவர் இந்த வருடம் இல்லை. அவர் எண்ணைப் பிடித்துவிட்டேன்.

என் ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. இங்கே பேசியது இன்றிரவே எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். போகட்டும். படத்தில் இல்லாதவர்களைத் தேடுவோம். ஒவ்வொருவரையும் கேட்போம். கிருபா அக்கா, இனி அது எங்கள் வேலை.

*

மேடையிலிருந்து இறங்கிய சண்முகப்ரியா அந்தப் பெண்ணைத் தன் காருக்கு அழைத்துப் போனாள். கதவைச் சாத்தினாள். இந்த வருடப் படத்தில் இல்லாதவரின் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள்.