இரட்டைத் தட்டு

இருட்டத் தொடங்குகிற நேரம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி. நடுவே ஆள் அரவமே இல்லாத தார் ரோடு. தூறல் வேறு...

சும்மா கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். இது என் நண்பனின் மாமனார், மாமியாருக்கு நடந்தது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த ஜன்னலையும் சாத்திவிடுங்கள்.

மாமனார் பஸ் டிரைவர். மாமியார் அதே பஸ்ஸில் கண்டக்டர். டிக்கெட் கிழித்த நேரம் போக மிச்ச நேரத்தில் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். இருவரும் ஓய்வு பெற்றதும் ஒரு பழைய வேனை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்தி, கடலோரமாகவே ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார்கள்.

"சினிமா நடிகைக்குத்தான் கேரவனா? என் கண்டக்டரம்மாவுக்குக் கூடாதா?" என்று அவர் அலட்டிக்கொள்வார்.

"நடிகைக்கு சமைக்க வேற ஆள் இருக்கும், டிரைவர் சார்" என்பார் அந்தம்மா.

அவர்களிடம் ஒரு பழக்கம். ரிவர்ஸ் எடுக்கும்போது அவர் கண்ணாடியைப் பார்க்கவே மாட்டார். அந்தம்மா பின்னால் நின்று தகரத்தில் தட்டுவார். டக் டக்... இரட்டைத் தட்டு என்றால் வரலாம். ஒற்றைத் தட்டு என்றால் நில். கண்டக்டர் தட்டிவிட்டால் டிரைவர் யோசிக்கக் கூடாது. அதுதான் அவருடைய சட்டம்.

அன்றைக்கு ராத்தங்க இடம் தேடி, தார் ரோட்டிலிருந்து ஒரு மண் பாதையில் இறங்கினார்கள். இரண்டு பக்கமும் கழி. பாதை போய் முடிந்த இடத்தில் இடிந்த படகுத்துறை. அதற்கப்பால் தண்ணீர்... வண்டியைத் திருப்ப வழியில்லை. ரிவர்ஸிலேயே தார் ரோடு வரை போக வேண்டியதுதான்.

"நல்லா பாத்தீங்க இடம். மீன்கூட இங்க குடியிருக்காது!" என்று முணுமுணுத்துக்கொண்டே அந்தம்மா இறங்கிப் பின்னால் போனார்.

டக் டக்.

வண்டி நகர்ந்தது. டக் டக். சேற்று வாடை. அதோடு இன்னொரு வாடை... படகுக் கயிறு மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறி அழுகினால் வருமே, அது. டக் டக்.

அப்போதுதான் ஹெட்லைட் வெளிச்சத்தில் ஓர் உருவம் ஓடிவந்து நின்றது.

அந்தம்மா கட்டியிருந்த அதே புடவை. அதே முகம். இரண்டு கைகளையும் தூக்கி, நில் நில் என்று ஆட்டுகிறது. வாய் அசைகிறது. இன்ஜின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

பின்னால்... டக் டக்.

அவருக்கு டிப்போப் பேச்சு ஞாபகம் வந்தது. கடலோர ரோட்டில் ஹெட்லைட்டில் பெண் தெரிந்தால் நிறுத்தாதே என்று டிப்போவில் எல்லா டிரைவர்களும் பேசிக்கொள்வார்கள். அதிலும் தெரிந்த முகமாக இருந்தால் நிறுத்தவே நிறுத்தாதே.

அப்படியானால் முன்னால் நிற்பது பேய். பின்னால் இருப்பது மனைவி. கண்டக்டர் தட்டியாகிவிட்டது.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். அந்த உருவம் துரத்தியது. விழுந்தது. எழுந்தது. மறுபடி ஓடிவந்து... இருட்டோடு இருட்டாகப் போனது.

தார் ரோடு வந்ததும் ஒற்றைத் தட்டு. கதவு திறந்தது. சொட்டச் சொட்ட ஏறி உட்கார்ந்தார் அந்தம்மா.

"என்னங்க, தூறல்லகூட இப்படி வேர்க்குது உங்களுக்கு? கிளம்புங்க. குளிருது."

அவர் கியரைப் போட்டார். பறந்தார். ஒரு பெட்ரோல் பங்க் வெளிச்சத்தில் நிறுத்திய பிறகுதான் மூச்சே வந்தது.

விடிந்தது. அந்தம்மா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். இவருக்கு மனசு கேட்கவில்லை. அந்த வழியாக பைக்கில் போன ஒருவரைக் கைகாட்டி நிறுத்தி, மண் பாதைக்குத் திரும்பிப் போனார்.

ஈரச் சேற்றில் எல்லாம் அச்சடித்த மாதிரி இருந்தது. டயர் தடம். அதன் ஓரமாக மனைவியின் செருப்புத் தடம். இறங்கி, வண்டியின் பின்புறம் வரை போயிருந்தது. அங்கே சட்டென்று நின்று, திரும்பி, முன்பக்கம் ஓடியிருந்தது. ஓரிடத்தில் ஒற்றைச் செருப்பு புதைந்து கிடந்தது. அதன் பிறகு டயர் தடத்தின் மேலேயே துரத்தி, விழுந்து, எழுந்து, தார் ரோடு வரைக்கும்...

பின்னால் தட்டிக்கொண்டே வந்தது யாரோ, அந்தக் கால் தடம் மட்டும் ஒன்றுகூட இல்லை.

தொண்டை வறளக் கத்திப் பார்த்தார். கழித் தண்ணீர்தான் சளக் சளக் என்றது.

போலீசுக்குப் போகலாம். போய் என்னவென்று சொல்வது? பொண்டாட்டியைக் காணோம் என்றால், வேனில் தூங்கிக்கொண்டிருப்பது யார்?

அவர் வீடு திரும்பவில்லை. அதே ரோட்டில் போவதும் வருவதுமாகத் தேட ஆரம்பித்தார். பக்கத்து சீட்டில் அதையும் வைத்துக்கொண்டு.

மகளுக்கு, அதாவது என் நண்பனின் மனைவிக்கு, அம்மாவிடமிருந்து போன் வரும். "உங்கப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சுடி. செக்குமாடு மாதிரி இந்த ரோட்டையே சுத்துறாரு." கலகலவென்று சிரிப்பு.

ஒருநாள் அப்பாவே பேசினார். குசுகுசுவென்று, நடந்த எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "அம்மா தனியா வந்தா, எந்த நேரமா இருந்தாலும் கதவைத் திறந்துடு. என்கூட வந்தா... நானே கெஞ்சினாலும் திறக்காதம்மா."

போன வாரம், பட்டப்பகல். மகள் வீட்டு வாசலில் அம்மாவின் குரல்.

"கதவைத் திறடி, கண்ணு."

மகள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். அம்மா மட்டும்தான். தனியாக.

பின்னால் தெருவில் அந்த வேன் நின்றது. இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் சீட் காலி.

அம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது.