கம்பி உயரம்

உங்கள் மின்விசிறி லேசாக ஒரு பக்கம் இழுக்கிறது, மேடம். இறக்கைகளில் ஒன்று மற்றவற்றைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கிறது. ஒரு வாஷரைச் சொருகினால் அந்த டிக் டிக் நின்றுவிடும். விசாரணைக்கு வந்த இடத்தில் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். செங்கம் சாலையில் கிடார் பழுது பார்க்கிறவன். காது அப்படிப் பழகிவிட்டது.

என் மனைவி அக்ஷயா எழுதிக் கொடுத்த புகாரை வாசித்துக் காட்டினீர்கள். ‘கொடுமை’ என்கிற ஒரு சொல்லைத் தவிர அதில் இருப்பதெல்லாம் உண்மை. ஆகவே மறுத்து உங்கள் நேரத்தை வீணாக்கப்போவதில்லை. ஏன் செய்தேன் என்பதுதான் அதில் இல்லை. பாவம், அவளுக்குத் தெரியாது. அதை நான் சொல்லிவிட்டால் அந்த ஒரு சொல்லை நீங்களே அடித்துவிடுவீர்கள்.

என் பெயர் ஜினசேனன். ஆரணிப் பக்கத்து நயினார் குடும்பம். நாங்கள் சமணர்கள் என்பதால் பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டோம், வடிகட்டாத தண்ணீரைக் குடிக்க மாட்டோம். கடையில் எறும்பு வரிசை போனால் மேசையைத்தான் நகர்த்துவேன், எறும்பை அல்ல. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. புகாரில் இருக்கிற ஆளும் நானும் ஒருவர்தானா என்று நீங்கள் குழம்பக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

தொழிலைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் எழுதுவது யாருக்கும் புரியாது. கிடாரின் கழுத்து நுனியில், கம்பிகள் பதிந்து போவதற்குக் கீறல் போட்ட சின்னத் துண்டு ஒன்று இருக்கும். நட் என்பார்கள். நல்ல நட் என்றால் மாட்டெலும்பில்தான் செய்வார்கள். நான் எலும்பைத் தொடுவதில்லை. சமையல் மேடைக்குப் போடுகிற செயற்கைக் கல்லில் வெட்டி மிஞ்சிய துண்டை வாங்கி வந்து இழைத்துக்கொள்வேன். இதைக் கேட்டால் வெளிநாட்டுக்காரர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஒரு பிரெஞ்சுக்காரி அதற்கு ‘அகிம்சை நட்’ என்று பெயரே வைத்து, என்னையும் அரத்தையும் படம் எடுத்துப் போட்டாள். அதன்பிறகு கடையில் கூட்டம் கொஞ்சம் ஜாஸ்திதான்.

அந்தக் கீறலின் ஆழத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் பட்டைகளுக்கு மேல் கம்பி எவ்வளவு உயரத்தில் ஓடுகிறது என்பதை அதுதான் முடிவு செய்யும். கம்பி தாழ்ந்தால் பட்டையில் பட்டுக் கரகரக்கும். உயர்ந்தால் விரல் அழுத்தி அழுத்தி ஓயும். மூன்றாவது பட்டையில் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு முதல் பட்டையின் மேல் கண்ணை வைத்துப் பார்த்தால் ஒரு தலைமுடி நுழைகிற இடைவெளி தெரிய வேண்டும். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் அதைக் குறைக்கச் சொல்லித்தான் வருவார்கள். காலையில் ஆசிரமத்தில் உட்கார்ந்து ‘நான் இந்த உடம்பு அல்ல’ என்று தெளிந்துவிட்டு, மத்தியானம் விரல் வலிக்கிறது என்று கிடாரைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். குறைத்துக் கொடுத்துவிடுவேன்.

அக்ஷயாவுக்குக் கிடார் சொல்லிக்கொடுத்ததே நான்தான். கல்யாணமான புதிதில் கடைக்குச் சாப்பாடு கொண்டுவருவாள். சும்மா உட்கார்ந்திருக்கிறாளே என்று ஒரு பழைய கிடாரைக் கையில் கொடுத்தேன். அதுதான் நான் செய்த ஒரே தப்பு. எனக்குத் தெரிந்ததையெல்லாம் சீக்கிரமே முடித்துவிட்டாள். பிறகு கடைக்கு வந்து போகிறவர்களிடம் கற்றுக்கொண்டாள். அதன்பின் யாரும் சொல்லிக்கொடுக்காததையெல்லாம் வாசித்தாள். மொட்டைமாடி கஃபே ஒன்றில் சனி ஞாயிறுகளில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். நானும் போய்க் கடைசி மேசையில் டீயோடு உட்கார்ந்திருப்பேன்.

அங்கே அவள் முகம் வேறு மாதிரி ஆகிவிடும். வாசிக்கும்போது ஒரு முகம். சமைக்கும்போதோ, என்னோடு பேசும்போதோ, கோயிலுக்குப் போகும்போதோ வராத முகம். எதிரே இருக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த முகத்தைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். எனக்கு அது பிடிக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, மேடம். தாலி கட்டிய பெண்ணின் முகத்தில் தனக்குத் தெரியாத ஒன்று இருந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்.

போன ஐப்பசியில் புதுச்சேரியிலிருந்து நாடகக் குழு ஒன்று கிரிவலத்துக்கு வந்தது. அதை நடத்துகிற பெண்ணின் பெயர் சுருதி. கஃபேயில் அக்ஷயா வாசித்ததைக் கேட்டுவிட்டு, தை பிறந்ததும் ஊர் ஊராகப் போகப்போகிறோம், நீங்களும் வாருங்கள், பிறகு எங்களோடேயே இருந்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறாள். அக்ஷயா அன்று வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னாள்.

“போய்ட்டு வரட்டுங்களா? நீங்க வேணான்னா வேணாம்” என்றாள்.

“தாராளமாப் போய்ட்டு வா. இதுக்கெல்லாம் எங்கிட்ட கேக்கணுமா?” என்றேன்.

அன்று சாயங்காலமே பஜாருக்குப் போய் அவளுக்குச் சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வாங்கி வந்தேன். புகாரில் அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. போகாதே என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். மனைவியைப் போகாதே என்று தடுக்கிற ஆள் நான் இல்லை. எங்கள் தெருவில் அந்த மாதிரி ஆட்கள் இருக்கிறார்கள். கத்துவார்கள், கை நீட்டுவார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஜன்னலைச் சாத்துகிறவன் நான்.

சனிக்கிழமைதோறும் அவள் கிடாரைத் துடைத்துக் கம்பி மாற்றிச் சரிசெய்வது என் வேலை. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அவள் தன் கையால் ஒரு கம்பிகூட மாற்றியதில்லை, நான் விட்டதுமில்லை. அந்தச் சனிக்கிழமை கம்பிகளைத் தளர்த்தி, நட்டை மெதுவாகத் தட்டி எடுத்து, அடியில் ஒரு அட்டைத் துண்டை வைத்து ஒட்டினேன். எங்கள் கல்யாணப் பத்திரிகை அட்டை. மாமனார் செலவுக்குச் சளைக்காதவர். கெட்டி அட்டை, தங்க எழுத்து. மிஞ்சிய ஒரு கட்டு அலமாரியில் சும்மா கிடந்தது. பசை ஊறவிட்டால் மரம் மாதிரி இறுகிவிடுகிறது. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, விரலுக்கு மட்டும்தான் தெரியும்.

கொஞ்சம் அலுத்துப்போனால் போதும் என்றுதான் நினைத்தேன். அலுத்தால் தானாகவே வேண்டாம் என்பாள், நான் ஆறுதல் சொல்வேன், அதோடு முடிந்துவிடும். அவளோ இன்னும் அதிக நேரம் உட்கார்ந்து வாசித்தாள். பிடிவாதம் அவர்கள் குடும்பத்துக்கே உண்டு. அடுத்த சனிக்கிழமை இன்னொரு துண்டு வைத்தேன். அதற்கடுத்த வாரம் மறுமுனையில் கம்பியைத் தாங்குகிற துண்டுக்கு அடியிலும் ஒன்று. பிறகு கம்பியையே தடித்ததாக மாற்றினேன். ஒரே நாளில் உயர்த்தினால் யாருக்கும் தெரிந்துவிடும். இதற்குப் பொறுமை வேண்டும், அது என்னிடம் இருக்கிறது.

“என்னாங்க, கம்பி தூக்கினா மாதிரி இருக்குதுங்களே?” என்று ஒருமுறை கேட்டாள்.

“மழை நாள்ல மரம் ஊறும். அதில்லாம உனக்குக் கைப்பழக்கம் கம்மியாயிடுச்சி. இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி வாசி, சரியாப் பூடும்.”

நம்பினாள். கிடார் விஷயத்தில் என்னை நம்பாமல் வேறு யாரை நம்புவாள். என் கைதான் கெட்டுப்போகிறது போலிருக்கிறது என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள். கஃபேயில் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். தாழ்வாரத்தில் நின்று அழுதபோது நான்தான் தைலம் தேய்த்துவிட்டேன். மேடம், அந்தச் சில வாரங்கள் நாங்கள் எவ்வளவு அன்னியோன்னியமாக இருந்தோம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

இடது மணிக்கட்டு வீங்கியதும் எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போனவன் நான்தான். நல்ல மனிதர். எல்லாம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“நீங்க கிடார் ரிப்பேர் பண்றவர்னு சொல்றீங்க. கம்பி எதனா ரொம்ப டைட்டா இருக்குதான்னு பாத்தீங்களா?”

“என் கையாலயே செட் பண்ணி வெச்சிருக்கேன், சார்.”

இது பொய் இல்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் மணிக்கட்டில் ஒரு ஊசி போட்டார். வலி அடங்கும், ஆனால் தசைநாண் கொஞ்ச நாளைக்குப் பலவீனமாக இருக்கும், கையை அலட்டவே கூடாது, அறுந்துவிடும் என்று எங்கள் இருவரிடமும் சொன்னார். மலையில் தீபம் ஏற்றிய வாரம் அது. ஊர் முழுக்க ஜனம். வீட்டில் அவள் கையை மடித்து மடித்துப் பார்த்தாள். வலியே இல்லை என்று சிரித்தாள். வாசிக்கலாமா என்று கேட்டாள். டாக்டர்களுக்குச் சங்கீதம் தெரியாது, விட்டுவிட்டால் கை மறந்துவிடும் என்றேன். அன்றைக்குச் சனிக்கிழமை. கிடாரை நான் அப்போதுதான் சரிசெய்து வைத்திருந்தேன்.

மார்கழி பிறந்த புதிதில் ஒரு காலை, அவள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே அறுந்தது. கம்பி என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். கம்பியெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அறுவை செய்து தைத்தார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதற்கப்புறம் முழுசாக மடங்கவில்லை. ஒரு டம்ளரைப் பிடித்தால் நழுவுகிறது. சுருதியின் குழு தையில் அவள் இல்லாமல் புறப்பட்டது. பெட்டியைப் பரணில் ஏற்றினேன். அப்புறம் நான்தான் காய் நறுக்கினேன், துணி பிழிந்தேன், காலையில் அவளை நாற்காலியில் உட்காரவைத்துத் தலை பின்னிவிட்டேன். மாமியார் ஜெயந்திமாலா வந்து பார்த்துவிட்டுப் போய், “எங்க மாப்ள மாதிரி பொறுமை யாருக்கு வரும்? தலைகூட அவருதான் பின்னி வுடறாரு” என்று உறவு முழுக்கச் சொன்னார். அதில் தப்பில்லை. நன்றாகவே பின்னுவேன்.

சிக்கல் என் ஊர்ப்பாசத்தால் வந்தது. எங்கள் கிராமத்து ஜினாலயத் திருவிழாவுக்கு நான் போயிருந்தேன். அந்த நேரத்தில் சுருதி வீட்டுக்கு வந்திருக்கிறாள். இனி எனக்கு எதற்கு என்று அக்ஷயா கிடாரை அவளிடம் கொடுத்துவிட்டாள். கையில் வாங்கி ஒரு கம்பியை அழுத்திப் பார்த்த சுருதி, இதை எப்படி இத்தனை நாள் வாசித்தீர்கள் என்று கேட்டிருக்கிறாள். அங்கேயே நட்டைப் பெயர்த்துவிட்டார்கள். ஒழுங்காகத் தட்டி எடுக்கத் தெரியாமல் ஓரத்தில் மரத்தையும் பெயர்த்திருக்கிறார்கள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான் வந்தபோது அக்ஷயா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பிரசாதத்தை வாங்கிக்கொள்ளவில்லை. தட்டில் அட்டைத் துண்டுகளை வரிசையாக வைத்திருந்தாள். ஒன்றில் தங்க எழுத்தில் அவள் பெயரில் பாதி தெரிந்தது.

“இது நம்ம பத்திரிகைதானேங்க?”

“ஆமா. நல்ல அட்டை. சும்மா கெடந்துது.”

“நான் வலிக்குதுன்னு அழுதப்போ பக்கத்துலதான இருந்தீங்க?”

“பக்கத்துலதான் இருந்தேன். வேற யார் இருந்தாங்க?”

அன்றே அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆக, நட்டுக்கு அடியில் அட்டை வைத்தது நான். தடித்த கம்பி போட்டது நான். ஊசி போட்ட கையை வைத்துக்கொண்டு வாசி என்று சொன்னதும், அறுந்துவிடும் என்று தெரிந்தே சொன்னதும் நான்தான். எல்லாவற்றையும் அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அடித்தேனா, திட்டினேனா, ஒரு வேளை பட்டினி போட்டேனா என்றும் பக்கத்தில் எழுதினால் நியாயமாக இருக்கும். அவள் வீட்டை விட்டுப் போகக்கூடாது என்று நினைத்தேன். அவ்வளவு பிரியம் இல்லாதவன் இத்தனை வாரம் ஒரு வேலையை இவ்வளவு கவனமாகச் செய்வானா.

இன்னொரு விஷயம் புகாரில் இல்லை, நேற்றுதான் காதில் விழுந்தது. அக்ஷயா சுருதியிடமிருந்து கிடாரை மறுபடி வாங்கி, அதைத் திருப்பிப் பிடித்து வாசிக்கப் பழகுகிறாளாம். கழுத்தைப் பிடிக்க வலது கை, மீட்டுவதற்கு அந்த மடங்காத இடது கை. அப்படி வாசிப்பதென்றால் கம்பிகளை வரிசை மாற்றிப் போட வேண்டும், தடித்த கம்பிக்கும் மெல்லிய கம்பிக்கும் கீறல் இடம் மாறும், நட்டைப் புதிதாகவே செய்தாக வேண்டும். நீங்கள் சொன்னால் கேட்பாள். என்னைப் பார்க்க வேண்டாம், பேச வேண்டாம், கிடாரை மட்டும் என் கடைக்குக் கொடுத்தனுப்பினால் போதும். இடது கையை அவள் பிடிவாதத்தால் கெடுத்துக்கொண்டாள். வலது கையையாவது நான் பார்த்துக்கொள்ள வேண்டாமா, மேடம்.