கித்தான் விட்டுப்போன டயர்

உங்கள் ஸ்டேஷன் ஜீப்பின் பின் டயர் இரண்டும் ஒரே ஜோடி இல்லை ஐயா. உள்ளே வரும்போதே பார்த்தேன். இடது பக்கத்து டயர் இன்னும் ஒரு மழைக்காலம் தாங்கும். வலது பக்கத்து டயர் தாங்காது. இதைச் சொல்ல நான் வரவில்லை. கண்ணில் பட்டதைச் சொல்லாமல் இருக்க எனக்கு வராது, அவ்வளவுதான்.

டீ நன்றாக இருக்கிறது. ரைட்டர் பேனாவில் மை நிரப்பிக்கொள்ளட்டும், நான் நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் தனசேகரன். வயது நாற்பத்தாறு. செஞ்சியில் சீதளநாதன் நயினாரின் மணிலாக்கொட்டை மில்லில் பதினாறு வருடமாக மேனேஜர். மில்லுக்கு ஒரு பிக்கப் வண்டி உண்டு. ராணுவத்தில் கழித்துவிட்டதை நயினார் ஏலத்தில் எடுத்தார். முன்னால் டிரைவரோடு இன்னொருவர் உட்காரலாம். பின்னால் திறந்த தொட்டி. மூட்டையும் ஏற்றலாம், ஆளும் ஏற்றலாம்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இதை வேண்டாதவர்கள் ஒரு குறையாகச் சொல்வார்கள். பிரசவம் பார்க்கிற டாக்டரைப் பார்த்து நீ எத்தனை பெற்றாய் என்று யாரும் கேட்பதில்லை. டயர் கம்பெனிகள் போடும் புத்தகங்களைத் தபாலில் வரவழைத்து, அடிக்கோடு போட்டுப் படித்தவன் இந்தத் தாலுகாவில் நான் ஒருவன்தான். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நான் உட்கார்ந்தால் லாரிக்காரர்கள் தேடி வருவார்கள். "மேனேஜர் சார், ஒருவாட்டி பாத்துச் சொல்லுங்க." நான் எழுந்து போவேன். கட்டைவிரலால் அழுத்துவேன், தட்டுவேன், முகர்ந்தும் பார்ப்பேன். முகர்வதால் பெரிய பயன் இல்லை. ஆனால் சுற்றி நிற்பவர்கள் அமைதியாகிவிடுவார்கள்.

போன ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பிக்கப்பின் பின் டயர்கள் மொட்டையாகிவிட்டன. சிங்கவரத்துக்கு மூட்டை ஏற்றப் போன வண்டி சேற்றில் உட்கார்ந்து, நான்கு மாடு கட்டி இழுத்து வந்தார்கள். வேறு டயர் போட வேண்டும், எது என்று யோசித்துச் சொல் என்றார் நயினார். மூன்று நாள் யோசித்தேன். வரி டயர் என்று முடிவு செய்தேன். சுற்றிலும் கோடு கோடாக ஓடும், ஈரத் தார் ரோட்டில் தண்ணீரைப் பிரித்துவிட்டுப் போகும். காரணங்களை நான்கு பக்கம் எழுதி, மில் முற்றத்தில் நயினார் முன்னால் நின்று படித்தேன். இருபது நிமிடம் ஆனது. கொட்டை உடைக்கும் பெண்கள்கூட கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அப்போது கரண்ட் இல்லை என்பதும் உண்மைதான்.

படித்து முடித்ததும் டிரைவர் வீராசாமி தலையைச் சொறிந்தான். பட்டாளத்தில் ஆறு வருடம் அசாம் பக்கம் வண்டி ஓட்டியவன்.

"மேனேஜரு சொல்றது தார் ரோட்டுக்கு சரி நைனா. நம்ம வண்டி தார் ரோட்டுல எங்க ஓடுது? ஏரிக்கரையிலயும் கழனியிலயும்தான் கெடக்குது. பின்னாடி பட்டன் டயரு போட்டுடலாம். கட்டை கட்டையா ரப்பரு நிக்கும், சேத்த கடிச்சிக்கினு ஏறிடும். முன்னாடி வேணா மேனேஜரு சொல்ற வரி டயரு இருக்கட்டும்."

நயினார் சிரித்துவிட்டார்.

"தனசேகரா, நீ ரோட்டுக்கு டயரு சொல்ற. அவன் வண்டிக்கு டயரு சொல்றான்."

பெண்கள் சிரித்தார்கள். குஞ்சம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மூடியது மரியாதைக்கு. சிரித்தது சிரித்ததுதான். நான் என் நான்கு பக்கங்களையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். என் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

டயரை வாங்கி வர நயினார் என்னைத்தான் மெட்ராஸுக்கு அனுப்பினார். "அவன் கேட்டதையே வாங்கிக்கினு வா. பாத்து வாங்கறதுக்கு உன்ன வுட்டா யாரு இருக்கா?" என்றார்.

புது டயருக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். ஆகவே பழைய டயர் கடைக்குப் போனேன். பட்டன் டயர் இரண்டு ஜோடி இருந்தது. ஒரு ஜோடி குறையில்லாதது. இன்னொரு ஜோடி வெளியே பார்க்க அதைவிட அழகு, கட்டைகள் தேயவே இல்லை. அதில் ஒன்றின் உள்ளே கையை விட்டுத் தடவினேன். ஒரு சாண் நீளத்துக்குக் கித்தான் விட்டிருந்தது. டயரில் ரப்பர் வெறும் சட்டைதான் ஐயா. உள்ளே ஒட்டியிருக்கும் கித்தான் துணிதான் உடம்பு. என் நடுவிரல் நகம் அந்த வெடிப்புக்குள் முழுதாகப் போனது. நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் அதைக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

"அது வாணாம் சார்," என்றார் கடைக்காரர். "உள்ளாற கித்தான் வுட்டுப்போச்சு. மாட்டு வண்டின்னா போட்டுக்கலாம். ஆளு ஏத்துற வண்டிக்கு வாணவே வாணாம்."

"மாட்டு வண்டிக்குத்தான்," என்றேன். நான் சொன்ன ஒரே பொய் அது.

வெடிப்புக்குள் மழைத் தண்ணீர் கசிந்தால் கித்தான் இற்றுவிடும் என்று புத்தகத்தில் இருக்கிறது. முப்பத்தொன்றாம் பக்கம். அடைமழையில் ஐந்து அல்லது ஆறு வாரம் தாங்கும் என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் சிங்கவரம் சேற்றில் பட்டன் டயர் வெடிக்கும். வீராசாமி நனைந்துகொண்டு நிற்பான். நான் குடை பிடித்துக்கொண்டு போய்ச் சேருவேன். ஒன்றும் சொல்ல மாட்டேன், நின்று பார்ப்பேன். என் மனதில் இருந்தது இவ்வளவுதான். அதில் யாரும் சாகவில்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆறு வாரம் போயிற்று. ஏழாவது வாரமும் போயிற்று. வண்டி ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. ஊரில் எந்த வண்டியும் போகாத கழனிக்குள் எங்கள் பிக்கப் போய் மூட்டை ஏற்றி வந்தது. லாரிக்காரர்கள் டீக்கடையில் என்னைத் தாண்டிப் போய் வீராசாமியிடம் டயரைப் பற்றிக் கேட்டார்கள். ஒரு ஆள் சைக்கிள் டயருக்கே அவனிடம் யோசனை கேட்டதை நான் காதால் கேட்டேன். வீராசாமி அப்போதும் என்ன சொன்னான் தெரியுமா? "எனக்கு இன்னா தெரியும், மேனேஜரு கையால பாத்து வாங்குன டயருப்பா, அதான் இந்த இழுப்பு இழுக்குது" என்றான். என்னை யாரும் அப்படி அவமானப்படுத்தியதில்லை.

கார்த்திகை அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போக வேண்டும் என்று மில் பெண்கள் கேட்டார்கள். ஸ்பெஷல் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. பிக்கப்பை எடுத்துப் போங்கள் என்று நயினார் சொல்லிவிட்டார். அன்று மத்தியானம் புளியமரத்தடியில் நின்ற வண்டியை நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். இடது பின் டயரின் உட்பக்கத்தில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கொப்புளம். அழுத்திப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது. என் கணக்கு ஒரு வாரம் தள்ளிப்போயிருந்தது, தவறவில்லை.

வீராசாமி தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"மேனேஜரு, பின்னாடி டயர ஒருவாட்டி பாத்துடுங்க. பதினோரு பேரு ஏறுறாங்க. எங்க வூட்லயும் வருது. நீங்க பாத்துட்டீங்கன்னா எனக்கு தைரியம்."

நேர்மையாகச் சொல்கிறேன். மாற்று டயர் வண்டியிலேயே இருந்தது. மாற்ற இருபது நிமிடம் போதும். ஆனால் மாற்றினால் பேச்சு எங்கே போகும் என்று யோசியுங்கள். பட்டன் டயர் கெட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மேனேஜர் வாங்கிய டயர் கெட்டது என்பார்கள். செய்யாத தப்பை எதற்கு நான் சுமக்க வேண்டும்?

"பாத்துட்டேன். நல்லா இருக்குது," என்றேன். "ஆளு அதிகம். காத்து மட்டும் கொஞ்சம் கூடுதலா அடிச்சுக்க."

அவன் பம்பை எடுத்து அடித்தான். சொன்னதைச் செய்கிற ஆள். அந்த வகையில் நல்ல டிரைவர்தான்.

பெண்கள் ஏறினார்கள். அப்போதுதான் என் மனைவி ராஜம்மாளும் தொட்டியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அவளுக்கு ஏதோ வேண்டுதலாம், என்னிடம் சொல்லவில்லை. கீழே இறங்கு என்றேன்.

"ஏன்?"

"தலை வலிக்குது. வீட்டுக்கு வந்து கஷாயம் வெச்சுக் குடு."

"காலையில நல்லாத்தானே இருந்தீங்க?"

"இறங்குன்னா இறங்கு."

இறங்கினாள். இறங்கி என் முகத்தையே பார்த்தாள். தொட்டியில் அவள் இருந்த இடம் காலியாக இருந்தது. முற்றம் கூட்டும் காத்தாயி, விளக்குமாறும் கையுமாக வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. "நீ ஏறிக்கோ," என்றேன். இடம் காலியாக விட்டால் பாரம் ஒரு பக்கம் சாயும் ஐயா. அது வண்டிக்கு நல்லதில்லை. காத்தாயி அதுவரை மோட்டார் வண்டியில் ஏறியதே இல்லையாம். ஏறுவதற்கு முன் தொட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என்னைப் பார்த்துக் கும்பிடவும் செய்தாள்.

மற்றது உங்கள் கேஸ் கட்டில் எழுதியிருக்கிறது. வளத்தி தாண்டி ஏரிக்கரை. தூறல். இடது பின் டயர் வெடித்த சத்தத்தைக் கோயில் வேட்டு என்று நினைத்ததாகப் பிழைத்தவர்கள் சொன்னார்கள். வண்டி வழுக்கிக்கொண்டு போய்த் தண்ணீருக்குள் கவிழ்ந்தது. ஏரி இந்த வருடம் நிரம்பியிருந்தது. எட்டுப் பெண்கள் நீந்தியும் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டும் கரை சேர்ந்தார்கள். குஞ்சம்மாள், காத்தாயி, வீராசாமியின் மனைவி மங்கை, மூன்று பேரும் தொட்டிக்கு அடியில் இருந்தார்கள்.

வீராசாமிக்குத் தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"நீங்க சொன்ன வரி டயரே போட்டிருக்கணும் மேனேஜரு. என் வாயால என் பொண்டாட்டிய நானே கொன்னுட்டேன்."

"விடு வீராசாமி. எல்லாருக்கும் எல்லாம் தெரியுமா," என்றேன்.

அன்று நன்றாகத் தூங்கினேன். மறுநாள் முற்றத்தில் எல்லார் எதிரிலும் நயினார், "உன் பேச்ச கேக்காம போயிட்டேனே தனசேகரா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொட்டை உடைக்கும் பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. லாரிக்காரர்கள் மறுபடியும் என் பெஞ்சுக்கு வந்தார்கள். வீட்டில்தான் கொஞ்சம் சங்கடம். ராஜம்மாள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தினமும் காலையில் கேட்காமலே ஒரு டம்ளர் கஷாயம் கொண்டுவந்து என் முன்னால் வைப்பாள். நான் குடிக்கும்வரை நகர மாட்டாள். பெண்களுக்குத் துக்கம் ஆற நாளாகும்.

பத்தாம் நாள் வண்டிப் பரிசோதனை அதிகாரி வந்தார். சின்ன வயது, கையில் ஒரு கத்தி. டயரை நறுக்கிப் பார்த்தார். பழைய வெடிப்பைக் கண்டுபிடித்துவிட்டார். அதில் எனக்கு வருத்தமில்லை. தெரிந்த ஆள் என்று சந்தோஷம்கூடப் பட்டேன். பிறகு உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதி, நயினார் கேட்டதால் அதே முற்றத்தில் வைத்துப் படித்துக் காட்டினார். 'டயர்களைப் பற்றிப் போதிய அறிவில்லாத மேனேஜர், வியாபாரியிடம் ஏமாந்து, பழுதான டயரை வாங்கியுள்ளார். அவர் மீது குற்ற நோக்கம் ஏதும் தெரியவில்லை.'

என்னைக் காப்பாற்றிவிட்டதாக அவர் நினைத்தார். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். நயினார் என் முதுகைத் தட்டி, "போவட்டும் வுடுங்க, அவனுக்கு இன்னா தெரியும், பாவம்" என்றார். டீக்கடையில் என் பக்கத்து இடம் மறுபடியும் காலியானது. வீராசாமி ஆஸ்பத்திரியிலிருந்தே சொல்லி அனுப்பியிருந்தான்: "பாவம், தெரியாம வாங்கிட்டாரு. அவர யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க." மங்கையைக் கொண்டுபோன டயரை எனக்கு மன்னித்துவிட்டானாம். இந்த நான்கு நாளாக என்னால் ஒரு கவளம் சோறு இறக்க முடியவில்லை ஐயா.

அதனால்தான் நானாக வந்தேன். யாரும் என்னைப் பிடித்து வரவில்லை. கடைக்காரரை விசாரியுங்கள், அவர் என்னைத் தடுத்தார் என்று சொல்வார். ராஜம்மாளை விசாரியுங்கள், எத்தனை மணிக்கு எனக்குத் தலை வலித்தது என்று அவளுக்கு நினைவிருக்கும். கடையில் விரலை விட்டபோதே எனக்குத் தெரியும். புளியமரத்தடியில் கொப்புளத்தை அழுத்தியபோது இன்றைக்குத்தான் என்பதும் தெரியும். தெரிந்துதான் நல்லா இருக்குது என்றேன். தெரிந்துதான் காற்றைக் கூடுதலாக அடிக்கச் சொன்னேன். தெரிந்துதான் ஒருத்தியை இறக்கி இன்னொருத்தியை ஏற்றினேன்.

இதற்குக் கொலை என்று பெயர் வைப்பது எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. ஆனால் அது உங்கள் தொழில். அதில் நான் தலையிடக் கூடாது. மூன்று பேர் பெயரையும் போட்டு எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த ரிப்போர்ட்டில் 'ஏமாந்து' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை மட்டும் அடித்துவிட்டு மேலே 'தெரிந்தே' என்று எழுதச் சொல்லுங்கள். உடனே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.