கடைசி வரிசைக்கு எட்டிய பாட்டு

தாம்பரத்தில் கிளம்பிய மாலை மின்சார ரயிலில், என் எதிரே இரண்டு ஆசிரியைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் பாட்டு டீச்சர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“நான் ‘மலர் தூவி’ன்னுதான் சொல்லித் தர்றேன். கடைசி வரிசைக்குப் போறதுக்குள்ள அது ‘மழை தூறி’ன்னு ஆயிடுது.”

“மூணு செக்‌ஷனையும் ஒரே ஹால்ல அடைச்சா வேற என்ன ஆகும் டீச்சர்?”

“மேஜையைத் தட்டுறதுலயே பாதி பீரியட் போயிடுது. பின்னாடி இருக்கிறதுங்க, பக்கத்துப் பிள்ளை என்ன பாடுதோ அதையே பாடுதுங்க. இன்னைக்கு ஒரு பொண்ணு டி.சி. வாங்க வந்திருந்தா. அப்பாவுக்கு வேலை மாத்தலாயிடுச்சாம், வேற ஊருக்குப் போறாங்க. ஆபீஸ் வாசல்ல நின்னு தனியாப் பாடிட்டு இருந்தா. சுருதி இம்மிகூட விலகலை. வார்த்தை மட்டும் ‘மழை தூறி’.”

“திருத்தினீங்களா?”

“அந்தக் குரலைக் கேட்டதும் திருத்தத் தோணலை. ‘யாருகிட்டம்மா பாட்டு கத்துக்கிறே?’ன்னு கேட்டேன்.”

ரயில் குரோம்பேட்டையில் நின்று கிளம்பியது.

“என்ன சொன்னா?”

பாட்டு டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“‘ஆறாவதுலேர்ந்து உங்ககிட்டதான் டீச்சர்’னா.”