பயணப் பொட்டலங்கள்

—அப்பறம் துபாய்லேருந்து கூப்ட்ட ரிஸ்வான்கிட்ட என்னதான் சொன்னீங்க, மச்சான்?

—யோசிச்சுச் சொல்றேன்னேன்.

—இன்னும் என்னத்த யோசிக்கப் போறீங்க? கம்பெனிக்காரனே திரும்பக் கூப்புடுறான். பழைய வேலை, பழைய ரூம்பு. வெள்ளிக்கிழமை டிக்கெட்டு போடுறேன், மஃரிபு தொழுகைக்குள்ள பதில் சொல்லுங்கறான். வெளிய பாருங்க, வெயில் எறங்கிருச்சு.

—பாத்தேன். நீ மொதல்ல ஜன்னல் ஓரமா நகந்து ஒக்காரு, மலிகா. காலைலேருந்து நின்னுக்கிட்டே இருந்திருப்ப.

—இன்னைக்கு நிக்கல. ஆஸ்பத்திரி பில் கவுண்டர்ல ஒக்கார வச்சுட்டாங்க. நர்சுக்குப் படிச்சவளுக்கு கம்ப்யூட்டர்ல பேரு தட்டுற வேலை. இதுக்கு நின்னுருக்கலாம்.

—இந்தா, தண்ணி குடி.

—பேச்ச மாத்தாதீங்க.

—மாத்தல, புள்ள. இப்பதான் கடலூர்ல பஸ்ஸே எடுத்திருக்கான். சிதம்பரத்துல வீடு போய்ச் சேர்றதுக்குள்ள முடிவு பண்ணிருவோம்.

—நோன்புப் பெருநாளைக்கு முன்னாடியும் இதத்தான் சொன்னீங்க. ஹஜ்ஜுப் பெருநாளும் போயிருச்சு. வேலைய விட்டுட்டு வந்தத பெத்த தாய்கிட்டயே இன்னும் சொல்லல. லால்பேட்டை பூரா நீங்க லீவுல வந்திருக்கீங்கன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு.

—நானா லீவுன்னு சொன்னேன்? அவுங்களா கேட்டாங்க, எப்பப் பயணம்னு. இன்ஷா அல்லாஹ், சீக்கிரம்னேன்.

—பொய்க்கு இன்ஷா அல்லாஹ்வா?

—வேற என்ன சொல்லச் சொல்ற? துபாய்லேருந்து ஒருத்தன் வந்து எறங்குனா, நல்லா இருக்கியான்னா கேக்குறான் நம்ம ஊர்ல? வாசப்படியிலயே எப்பப் பயணம்ங்கறான். வேலைய விட்டுட்டேன், எனக்கு என்ன புடிக்கும்னு தேடிக்கிட்டு இருக்கேன்னு சொல்லிப் பாரு. ஜின்னு புடிச்சிருச்சுன்னு ஓதிப் பாக்கக் கூட்டிட்டுப் போயிருவாங்க.

—கூட்டிட்டுப் போனா நல்லாத்தான் இருந்திருக்கும். வீட்ல பீரோவுக்கு மேல பொட்டலம், கட்டிலுக்கு அடியில பொட்டலம். உங்கம்மா வாராவாரம் ஊர்லேருந்து பஸ்ஸுல தூக்கியாந்து எறக்குறாங்க. இது துபாய்ல இருக்குற ஜமீல் மவனுக்கு, இது கடைக்காரர் மருமவனுக்குன்னு. அத்தனையும் வாங்கி வாங்கி வச்சுக்கிட்டீங்க.

—பயணம் போறவன் பொட்டலத்த வேணாம்னு சொல்லி எங்கயாவது பாத்திருக்கியா? நானும் அங்க இருந்தப்ப எவன் எவனோ சொமந்துக்கிட்டு வந்தத தின்னவன்தானே. வேணாம்னா ஏன்ம்பாங்க. அன்னைக்கே விஷயம் வெளிய வந்துரும்.

—தின்பண்டம் எத்தன நாளைக்குத் தாங்கும்? ஹாஜரா லாத்தா குடுத்த முறுக்கு இந்நேரம் காறிப் போயிருக்கும்.

—இல்ல. அத நான் பாத்துக்கிட்டேன்.

—என்ன பாத்துக்கிட்டீங்க?

—புதுசா சுட்டு வச்சுட்டேன்.

—நீங்களா?

—நாந்தான். நீ டூட்டிக்குப் போனப்பறம் சுடுவேன். காறுனத பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டுட்டு, அதே அளவு சுட்டு, டேப்பு ஒட்டி, பேரு எழுதி வச்சுருவேன். அதிரசத்த ரெண்டு தடவ மாத்தியாச்சு. மொத தடவ பாகு முத்திப் போயி ஆடே மோந்து பாத்துட்டுப் போயிருச்சு.

—யா அல்லாஹ்! போவாத பயணத்துக்கா அதிரசம் சுட்டுக்கிட்டு இருந்தீங்க?

—நம்பிக் குடுத்த அமானிதம், மலிகா. கெட்டுப் போவ விடலாமா? சிரிக்காத.

—சிரிக்கல. சிரிக்கிறதுக்குத் தெம்பு இல்ல.

—சாஞ்சுக்க.

—சரி, தேடுனீங்களே, என்ன கெடச்சுது? மொதல்ல ஆடு வளக்கப் போறேன்னீங்க. அப்பறம் பரங்கிப்பேட்டையில மீன் யாவாரம். அப்பறம் மஞ்சக்குப்பத்துல ஒருத்தரு கிளாஸ் எடுக்குறாருன்னு போனீங்க.

—போனேன். கண்ண மூடிக்கிட்டு, எதுக்காக இந்த ஒலகத்துல பொறந்தோம்னு யோசிங்கன்னாரு. மூடுனேன். தூங்கிட்டேன்.

—வெளங்கிரும்.

—நல்ல தூக்கம், புள்ள. துபாய் குடோன்ல இருந்த வரைக்கும் ஒருநாள் அப்படித் தூங்குனதில்ல. ஜாஸ்தி ஒண்ணும் கேக்கல நான். காலைல எந்திரிச்சா, இன்னைக்கு ஏன் எந்திரிச்சோம்னு எனக்கே தெரியணும். அவ்ளோதான்.

—எனக்கும்தான் தெரியணும். என்னைய யாராவது கேட்டீங்களா, ஒனக்கு என்ன புடிக்கும்னு?

—இப்பக் கேக்குறேன். ஒனக்கு என்ன புடிக்கும்?

—சீரியஸா கெடக்குற பேஷண்டு பக்கத்துல நிக்கப் புடிக்கும். மூச்சு ஏறி எறங்குறதப் பாத்து, இது தேறிரும்னு மொதல்ல நான் சொல்லணும். அதுக்குத்தான் படிச்சேன். இங்க பேரு தட்டுறேன். அலுத்துப் போச்சு, மச்சான். ஒடம்பு அலுப்பு இல்ல இது.

—ஏன் என்கிட்ட சொல்லல?

—நீங்க உங்களத் தேடிக்கிட்டு இருந்தீங்க. நடுவுல வந்து நானும் காணாமப் போயிட்டேன்னு சொல்லவா?

—அட, ஆசிக்கு! நீதானா? அஸ்ஸலாமு அலைக்கும்.

—வ அலைக்குமுஸ் ஸலாம். வாங்க, ரஃபியுதீன் மாமா. இப்புடி ஒக்காருங்க.

—முன் சீட்டுலேருந்து திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வரேன், கேட்டியா. நீதானான்னு சந்தேகம். தொப்ப போட்டுருச்சேப்பா. மலிகா, சொவமா இருக்கியாம்மா?

—அல்ஹம்துலில்லாஹ், மாமா. நீங்க எங்க, பரங்கிப்பேட்டைக்கா?

—ஆமாம்மா, மவ வீட்டுக்கு. முட்லூர்ல எறங்கணும். மாப்ள, வெள்ளிக்கிழமையாமே பயணம்? ரிஸ்வான் அவுங்க அத்தாகிட்ட சொன்னானாம், அவரு பள்ளிவாசல்ல சொன்னாரு, கேட்டியா.

—அது… இன்னும் முடிவாவல, மாமா.

—முடிவாயிரும், முடிவாயிரும். உன்னைய இன்னைக்கு அல்லாஹ்தான் கண்ணுல காட்டுனான். கடலூர்ல வைத்தியர்கிட்ட எண்ண காச்சி வாங்கியாறேன், அங்க துபாய்ல இருக்குற எம் மவன் அன்வருக்கு. முதுகு வலியாம் அவனுக்கு. சின்ன பாட்டில்தான், கேட்டியா. பெட்டியில ஒரு மூலையில சொருவிரு.

—மாமா, நான் வந்து…

—சிந்தாது மாப்ள. நல்லா இறுக்கி மூடிக் குடுத்திருக்காரு. புடி, புடி.

—முதுகுல எங்க வலிக்குதாம், மாமா? கீழயா?

—கீழதாம்மா. ஒரு காலு பூரா மதமதங்குதுன்னான். லோடு ஏத்துற வேலைல்ல.

—காலுக்கு எறங்கிருச்சுன்னா எண்ண மட்டும் பத்தாது மாமா. டாக்டர்கிட்ட காட்டணும். லோடு தூக்குறதயும் விட்டாவணும்.

—நான் சொன்னாக் கேப்பானா? போன்ல மூஞ்சியக் காட்டி, ஒண்ணுமில்ல அத்தா, ஒண்ணுமில்ல அத்தான்னு சிரிக்கிறான். எனக்கு அந்தச் சிரிப்புமேல நம்பிக்க இல்ல, கேட்டியா. ஆசிக்கு, எண்ண கெடக்கட்டும். நீ அவன நேர்ல பாரு. எந்திரிச்சு நடக்கச் சொல்லு. நடக்குறதப் பாத்துட்டு எனக்கு ஒரு போன் போடு. உள்ளதச் சொல்லு. செய்வியா?

—…செய்றேன், மாமா.

—அல்லாஹ் உனக்கு பரக்கத்து செய்வான். முட்லூரு வந்துருச்சு. வரட்டா? கண்டக்டர் தம்பி, எறங்கணும், எறங்கணும்!

—ஏன் மச்சான், செய்றேன்னீங்க?

—அந்த மனுஷன் மூஞ்சியப் பாத்து வேற என்ன சொல்றது? நீயே சொல்லு.

—பாட்டில இப்புடிக் குடுங்க. எம் பையில வச்சுக்கறேன்.

—முறுக்க மறுபடி சுட்டுறலாம், மலிகா. இத என்ன பண்றது? எனக்கு வெக்கமா இருக்கு. ஊர்ல ஒவ்வொருத்தனும் பெத்த புள்ளைய என் கையில குடுத்துவிடுற மாதிரி குடுத்துவிடுறான். நான் வாங்கி கட்டிலுக்கு அடியில போட்டு வச்சிருக்கேன்.

—அப்ப போறீங்களா?

—போனாத்தான் என்ன? நீ ஒருத்தி சம்பளத்துல எத்தன நாளைக்கு இழுப்ப? போயிட்டா எல்லாம் சரியாயிரும். ரிஸ்வானுக்குச் சொல்லிரட்டா?

—உங்களுக்குப் போவணும்னு இருக்கா?

—இல்ல.

—நெஜமாச் சொல்லுங்க. ஊருக்காவ இல்ல, எனக்காவவும் இல்ல.

—சொன்னா நீ சிரிப்ப.

—தெம்பில்லன்னு அப்பவே சொன்னேன்ல.

—எனக்கு இதான் புடிச்சிருக்கு, மலிகா. காலைல நஜியாவுக்குத் தல பின்னிவிடுறது. மொதல்ல கோணலாத்தான் பின்னுனேன். இப்ப அம்மா பின்னுனதவிட அத்தா பின்னுனதுதான் அவுறாம இருக்குன்னு கிளாஸ்ல சொல்லியிருக்கா. டிபன் பாக்ஸ் கட்டுறது, ஸ்கூலு வாசல்ல நிக்கிறது, சாயந்தரம் அவ பேசிக்கிட்டே வரத கேட்டுக்கிட்டு நடக்குறது. அவ பொறந்தப்ப நான் துபாய்ல இருந்தேன். நடந்தப்பவும் அங்கதான் இருந்தேன். ஆட்டுலயும் மீனுலயும் நான் தேடுனது இந்தப் புள்ள பின்னல்ல கெடந்துருக்கு. இதப் போயி நான் வெளிய எப்புடிச் சொல்றது? ஆம்பள, வேலைய விட்டுட்டு வந்து தல பின்னக் கத்துக்கிட்டேன்னா?

—நான் சிரிக்கல.

—அழுவுறியா?

—இல்ல. சொல்லுங்க.

—அவ்ளோதான். நான் போவல. ரிஸ்வானுக்கு இப்பவே சொல்லிடுறேன். நாளைக்கு லால்பேட்டைக்குப் போயி அம்மாகிட்ட சொல்றேன். அப்படியே வீடு வீடா எறங்கி, மன்னிச்சுக்கங்கன்னு எல்லாப் பொட்டலத்தயும் திருப்பிக் குடுத்துடுறேன். ரஃபியுதீன் மாமாகிட்டதான் எப்புடிச் சொல்லப் போறேன்னு தெரியல. சொல்லித்தான் ஆவணும். பயமாத்தான் இருக்கு. ஆனா நாம மூணு பேரும் ஒரே வீட்ல இருக்கணும். எனக்கு வேண்டியது அதான்.

—மச்சான்.

—சொல்லு.

—ரமலானுக்கு அப்பறம் ஆஸ்பத்திரியில டிரெய்னிங்குன்னு சென்னைக்குப் போனேன்ல?

—ஆமா. நஜியாவுக்குக் கூட காய்ச்சல் அப்ப. நாந்தான் பாத்துக்கிட்டேன்.

—அது டிரெய்னிங் இல்ல. பரீச்ச. அங்க நர்ஸ் வேலைக்கு எழுதுற பரீச்ச.

—அங்கன்னா?

—நீங்க திரும்பிப் போவ மாட்டீங்கன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுருச்சு. உங்க மேல கோவம் இல்ல. நீங்க அவளக் கூட்டிக்கிட்டு நடந்து வரதப் பாக்கும்போது எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு. அந்தத் தைரியத்துலதான் எழுதுனேன்.

—எழுதுனா எழுதிட்டுப் போ, புள்ள. பாஸானாலும் பரவால்ல, பெயிலானாலும் பரவால்ல. அதுக்கு ஏன் இப்புடி அழுவுற?

—எந்தப் பொட்டலத்தயும் யாருக்கும் திருப்பிக் குடுக்க வேணாம், மச்சான். இன்னைக்கு கடலூர்ல வேலைய விடுறேன்னு எழுதிக் குடுத்துட்டுத்தான் வரேன். துபாய்க்கு எம் பேர்ல விசா வந்துருச்சு.