துணியில் செய்த றெக்கை

சேவூர் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு பெண்ணும் அவள் மாமாவும். அந்த ஆள் பஸ்ஸுக்கே கேட்கும்படி கத்தினார்.

"துணியில பிளேன் றெக்கையா? மழையில நனையாது?"

"கார்பன் நூல் துணி மாமா. அடுக்கடுக்கா ஒட்டி வேகவெச்சா இறுகிடும்."

"அப்புறம் ஏன் கம்பெனியில நீ செஞ்சது குப்பைக்குப் போச்சாம்?"

"நம்ம தறிப் பட்டத் தடவற மாதிரி வெறுங்கையால தடவிட்டேன். கை எண்ணெய் பட்டா அடுக்கு ஒட்டாது. இன்னொரு தப்பு பண்ணா வேலை இல்லன்னுட்டாங்க."

"அதான் மூட்டை கட்டிகினு வந்துட்டியா?" என்று சிரித்தார். எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது.

அவள் பையிலிருந்து கறுப்புத் துண்டு ஒன்றை எடுத்தாள். "கையுறை போட்டுகினு மறுபடி செஞ்சேன். மெஷின்ல வளைச்சிப் பாத்தாங்க, உடையல. வேலைய நிரந்தரமாக்கிட்டாங்க. இது அதுல அறுத்தது."

புடவை பார்க்கிற பழக்கத்தில் மாமா இரண்டு விரலை நீட்டி, சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"தொடுங்க மாமா, வெந்துடுச்சி. இனிமே எந்தக் கையும் இத ஒண்ணும் பண்ண முடியாது."